தம்பியின் ஒன்பதாயிரம் அடிகள்

என் தம்பியைப் பற்றி யாராவது "பாவம்" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாவது, ஒன்றாவது! நாற்பத்தொரு வயது மனிதன். உழைத்துச் சாப்பிட்டவன். அதைத்தான் முதலில் சொல்லவேண்டும். நோயைப் பற்றி அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை அவனுக்கு. பதினெட்டுத் தெருக்கள் அவன் பங்கு. காலை ஏழு மணிக்கு ஒரு நோட்டு, ஒரு டார்ச், ஒரு குடையோடு கிளம்புவான். குடை மழைக்கு இல்லை, நாய்க்கு. மாடிப்படிக்கு அடியில், செருப்பு அலமாரிக்குப் பின்னால், பழைய சைக்கிளுக்கு மேலே என்று ஜனங்கள் மீட்டரை எங்கெல்லாம் ஒளித்துவைக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து நடித்தே காட்டுவான். கூட வேலை பார்த்தவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தபடியே போன மாத எண்ணோடு எதையாவது கூட்டி எழுதிவிடுவார்கள். இவன் பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை போவான்.

"பாக்காம எழுதினா அதுக்குப் பேரு ரீடிங் இல்லக்கா, கதை" என்பான். அலுவலகத்தில் அவனுக்குக் "கண்சாட்சி" என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். கிண்டலுக்கு வைத்ததுதான். இவன் அதையே மெடல் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தான்.

நான் அவனுக்குப் பதினோரு வயது மூத்தவள். தையல்காரி. எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை, அதைப் பற்றி இங்கே பேச்சும் இல்லை. வாசலை ஒட்டிய அறையில் என் மெஷின் இருக்கிறது. காலால் மிதிக்கிற மெஷின். மோட்டார் வைத்துக்கொள்ளச் சொல்லாத ஆள் இல்லை. வைத்தால் அது ஓடுகிற வேகத்துக்கு நான் தைக்கவேண்டும். எனக்கு அதெல்லாம் ஒத்துவராது. புதுத்துணி தைப்பதைவிட, தொளதொளவென்று இருப்பதைப் பிடித்துக் கொடுப்பது, பிரித்துவிடுவது, திரைச்சீலைக்கு ஓரம் அடிப்பது, இதுதான் என் பிழைப்பு.

அவனுடைய முப்பதாவது வயதில் குரல்கள் வந்தன. ஒரு வீட்டு மீட்டருக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நகராமல் நின்றிருக்கிறான். கேட்டதற்கு, உள்ளே இரண்டு பேர் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்றிருக்கிறான். அத்தோடு அந்த வேலை போயிற்று. அதன் பிறகு ஒன்றரை வருஷம் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். மூன்று விதமான மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் எடுபடவில்லை. நான்காவதாக ஒரு வெள்ளை மாத்திரை வந்தது. நாற்பது நாள் கழித்து ஒரு காலையில் முகத்தில் சோப்பு நுரையோடு, கையில் ரேசரோடு வந்து நின்றான்.

"அக்கா, அமைதியா இருக்கு" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

குரலை விரட்டிய அந்த மாத்திரையே பசியைக் கூட்டிக்கொண்டு வந்தது. எட்டு ரொட்டி தின்றுவிட்டுக் கை கழுவும்போதே அடுத்தது என்ன என்று பார்ப்பான். "இது பசி இல்லக்கா. பசின்னா சாப்பிட்டதும் போயிடணும்ல?" என்று அவனே ஆச்சரியப்படுவான். முப்பது அங்குல இடுப்பு நாற்பத்துநாலு ஆயிற்று. பேன்ட்டைப் பிரித்துவிட்டுப் பிரித்துவிட்டு, பிரிக்கத் துணி இல்லாமல் இரண்டு பக்கமும் பட்டி வைத்துத் தைத்தேன். "உனக்குத் தைக்கிற துணியில ரெண்டு பேருக்குத் தைக்கலாம்டா" என்று கேலி செய்திருக்கிறேன். அவனும் சிரித்தான். என் வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

போன வருஷம் எடை நூற்றைந்து. சர்க்கரையும் ஏறிவிட்டது. டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்.

"இப்படியே விட்டா இதயத்துல கொண்டுபோய் விட்டுடும்மா. ஆறு மாசம் பார்ப்போம். சாப்பாட்டுலயும் நடையிலயும் எடை குறைஞ்சா இதே மாத்திரைய வெச்சுக்கலாம். குறையலன்னா மாத்திரைய மாத்தித்தான் ஆகணும்."

தம்பி என் கையைப் பிடித்தான். வேறு எதற்கும் பயப்படாதவன், அந்த வெள்ளை மாத்திரை போய்விடும் என்றால் குலைநடுங்கிப் போவான். அது போனால் அந்தக் குரல்கள் திரும்ப வரும் என்பது அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்த மருத்துவமனையில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். சின்னப் பெண், குட்டை முடி, நடையில் ஒரு துள்ளல். இந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டு எடை போடுகிறவர்களுக்கென்றே செய்த செயலி ஒன்றை அவன் போனில் ஏற்றிக்கொடுத்தாள். சாப்பிடுவதற்கு முன் தட்டைப் படம் எடுக்கவேண்டும். காலையில் ஒரு தராசில் ஏறி நின்றால் அதுவே எடையைப் போனுக்கு அனுப்பிவிடும். அடிகளை எண்ண ஒரு பட்டை. மணிக்கட்டில் கட்டினால் அரிக்கிறது என்றான். காலில் கட்டினாலும் எண்ணும் என்றாள். ஒரு நாளைக்கு ஏழாயிரம் அடி. நடந்தால் சாயங்காலம் போனில் பச்சை முகம் சிரிக்கும். நடக்காவிட்டால் சிவப்பு முகம்.

"மீட்டர் பார்த்தவனுக்கே மீட்டர் மாட்டிட்டாங்கக்கா" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

உள்ளதைச் சொல்லவேண்டும், முதல் இரண்டு மாதம் அது நன்றாகத்தான் வேலை செய்தது. தன்னுடைய பழைய பதினெட்டுத் தெருக்களையே மறுபடி நடந்தான். அரை பிஸ்கட் தின்றாலும் படம் எடுத்தான். ஒரு நாள் நான் சமைக்கத் தாமதமாகிவிட்டது, வெறும் தட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான், இன்னும் சாப்பிடவில்லை என்பதற்குச் சாட்சியாம். நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னாள். மூன்று கிலோ குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் மாதம் குதிகாலில் வலி கண்டது. அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. நடக்கிற தெருவில் ஒரு வீட்டு வாசலில் பழக்க தோஷத்தில் நின்று மீட்டரை எட்டிப் பார்த்திருக்கிறான். அந்த வீட்டுப் பெண்மணி வெளியே வந்து, "யாருய்யா நீ? தடிமாடு மாதிரி நிக்குற!" என்று கத்தியிருக்கிறாள். இவன் பன்னிரண்டு வருஷம் மாதாமாதம் போய் நின்ற வீடு அது. அவளுக்கு இவனை அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவன் அதை மறுபடி மாட்டவில்லை.

நானூறு அடி. முந்நூறு அடி. தினமும் சிவப்பு முகம். போனை மடியில் வைத்துக்கொண்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"சிவப்பா வந்தா மாத்திரைய எடுத்துடுவாங்களாக்கா?"

"அதெல்லாம் எடுக்க மாட்டாங்கடா."

"டாக்டர் சொன்னாரே?"

ஒரு நாளைக்கு இருபது தடவை இந்தப் பேச்சு. நர்ஸுக்கு ஒரு போன் போட்டு, "இவனால நடக்க முடியலம்மா" என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு போன். சொல்லவில்லை. என் தம்பியைப் பற்றிக் குறைவாக ஒரு வார்த்தை என் வாயிலிருந்து போகக்கூடாது என்று ஒரு வீம்பு. வீம்பு என்பதைத் தவிர வேறு பெயர் அதற்கு இல்லை.

ஒரு நாள் மதியம் பட்டையைச் சார்ஜ் ஏற்றிவிட்டு, நூல்கண்டுகளுக்கு நடுவில் தொலைந்துவிடுமே என்று என் கணுக்காலில் மாட்டிக்கொண்டேன். சத்தியமாக அதற்காகத்தான் மாட்டினேன். அவன் மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு பள்ளிக்கூடத்துக்குத் திரைச்சீலை ஆர்டர் இருந்தது, நீள நீளமான ஓரங்கள். மிதித்துக்கொண்டே இருந்தேன். நான்கு மணிக்குப் போனைப் பார்த்தால் நாலாயிரத்து இருநூறு அடி! என் கால் ஒரே இடத்தில் ஏறி இறங்கியதை அந்தப் பட்டை நடை என்று எண்ணியிருக்கிறது. கழற்றக் கையைக் கொண்டுபோனேன். கழற்றவில்லை. ஆறு மணிக்குப் பச்சை முகம் வந்தது.

அவன் எழுந்து வந்து அதைப் பார்த்தான். எத்தனையோ நாளாக இருண்டு கிடந்த முகம் அப்படியே மலர்ந்தது. அப்புறம் புருவம் சுருங்கியது.

"நான் எங்கயும் போகலயேக்கா?"

"சமையலறைக்கும் ரூமுக்கும் எத்தனை தரம் நடக்குற? எல்லாம் கணக்குதான்டா."

"நிஜமாவா?"

"நான் என்ன உனக்குக் காது குத்துறேனா?"

நம்பினான். பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை போனவன், நான் சொன்னதை எதையும் பார்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டான்.

அதன் பிறகு அது தினசரி வழக்கமாயிற்று. மதியம் அவன் தூங்கியதும் பட்டை என் காலுக்கு வந்துவிடும். வேலை குறைந்த நாளில் ஊசியைத் தூக்கிவிட்டுத் துணி இல்லாமலே வெறும் மெஷினை மிதித்திருக்கிறேன். எட்டாயிரம், ஒன்பதாயிரம். நர்ஸ் குரல் செய்தி அனுப்புவாள்: "அண்ணா, சூப்பர்! ஒன்பதாயிரம்! கலக்குறீங்க!" அதைக் கேட்டு எனக்குப் பெருமை வேறு. என்ன ஜென்மம் நான்!

தம்பி பேசுவதைக் குறைத்துக்கொண்டான். ஒரு தடவை தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, நான் தூக்கத்துல எழுந்து வெளிய போறேனா? எனக்கே தெரியாம?"

"லூசு மாதிரி பேசாத" என்றேன்.

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று நானே சட்டம் போட்டிருந்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக என் வாயிலிருந்தே அது வந்தது. அவன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

ஆறு மாதம் முடிந்தது. எடை நூற்று நான்கு. போன மூன்று கிலோவில் இரண்டு திரும்பி வந்திருந்தது. டாக்டர் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பச்சை பச்சையாக வரிசை.

"சாப்பாடு ஒழுங்கா இருக்கு. தினம் ஒன்பதாயிரம் அடி நடக்குறார். இதுக்கு மேல ஒரு மனுஷன் என்னம்மா செய்ய முடியும்? தப்பு இவர் மேல இல்ல, மாத்திரை மேல. மாத்திடலாம்." கனிவாகத்தான் சொன்னார். தம்பியின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

தம்பி டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த அறையில் இரண்டு மாணவ டாக்டர்கள் வேறு நோட்டும் கையுமாக நின்றார்கள். அவர்கள் முன்னால், நான் மெஷினை மிதித்து ஏமாற்றினேன் என்று எப்படிச் சொல்வது? புது மாத்திரையும் நன்றாகத்தான் இருக்கும், எத்தனையோ பேருக்கு இருக்கிறது என்று மனதுக்குள் ஒரு சமாதானம். வாயை மூடிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வரும்போது அவன் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான்.

பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் புதியதைக் கூட்டினார்கள். பசி அடங்கியது. எடை மளமளவென்று இறங்கியது. பேன்ட்டில் வைத்த பட்டிகளை நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பிரித்தெடுத்தேன். ஒரு வாரம்தான் அந்தச் சந்தோஷம். பிறகு எங்கள் வீட்டு மீட்டரின் மேல் அவன் போர்வையைப் போட்டு மூடியதைப் பார்த்தேன். பிறகு, தட்டைப் படம் எடுத்துவிட்டுச் சாப்பாட்டை அப்படியே பின்பக்கம் கொட்டுவதைப் பார்த்தேன். எடை இறங்கியதில் பாதி அதனால்தான்.

ஒரு காலையில் அவன் நடுத்தெருவில் நின்றான். நான்கு அடி வைப்பான், நின்று குனிந்து காலைப் பார்ப்பான், பின்னாலேயே நடந்து வாசலுக்குத் திரும்புவான். மறுபடி நான்கு அடி. "இது என் கால் இல்ல, இது என் கால் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கார்கள் ஹார்ன் அடித்தன. அக்கம்பக்கத்தார் நான்கு பேர் சேர்ந்துதான் அவனை வண்டியில் ஏற்ற முடிந்தது. மருத்துவமனையில் அவனைச் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மேசை மேலிருந்த போனில் பூக்கள் சொரிகின்றன: "வாழ்த்துகள்! உங்கள் இலக்கை அடைந்துவிட்டீர்கள்!" அந்தக் காலையில்கூடத் தராசில் ஏறி நின்றிருக்கிறான், பாவி. போனைக் கவிழ்த்து வைத்தேன். அதைத் திட்டி என்ன ஆகப்போகிறது, நான் சொன்னதைத்தானே அது டாக்டருக்குச் சொன்னது.

அடுத்த நாள் வார்டு வராந்தாவில் நர்ஸைப் பிடித்து நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுவரோடு சாய்ந்து நின்று கேட்டாள்.

"கம்மியா காட்டியிருந்தா நான் அன்னிக்கே வீட்டுக்கு வந்திருப்பேனேக்கா" என்றாள். "யாரால நடக்க முடியலன்னு எங்களுக்குத் தெரியணும்னுதான் அந்தப் பட்டையே. கால் வலிக்கு வைத்தியம் பார்த்திருக்கலாம். ரெண்டாயிரம் அடி போதும்னு குறைச்சிருக்கலாம். அதே வெள்ளை மாத்திரையோட எடைக்கு இன்னொரு மாத்திரை சேர்த்துப் பார்த்திருக்கலாம். ஒன்பதாயிரம் நடக்குறவர் வீட்டுக்கு நான் என்னன்னு வந்து நிப்பேன்?"

திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளே என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அன்றே வெள்ளை மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள்.

ஒரு மாதம் போல ஆயிற்று அவன் என் முகத்தைப் பார்த்துப் பேச. பார்வையாளர் நேரத்தில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"அது உன் அடி இல்லடா. என் கால்ல கட்டிக்கிட்டு மெஷின மிதிச்சேன். நீ தூக்கத்துல எங்கயும் போகல. நான்தான் பொய் சொன்னேன்."

"எத்தன நாள்?"

"மூணு மாசம்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை தவிர."

கோபப்படுவான் என்று காத்திருந்தேன். அவன் கம்பளியின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"அவங்க அப்பவே சொன்னாங்கக்கா" என்றான். "மாத்திரைய மாத்தினப்புறம் வந்தாங்கல்ல, வந்ததும் முதல்ல இதத்தான் சொன்னாங்க. உனக்குப் பதிலா வேற யாரோ நடந்துட்டு இருந்தாங்க, உங்க அக்காவுக்குத் தெரியும், கேளுன்னாங்க. நான் கேக்கல. எங்க அக்கா பொய் சொல்ல மாட்டான்னு அவங்களோட சண்டை போட்டேன்."

பதினோரு வருஷமாக அவனுக்கு நான் சொல்லி வந்தது ஒன்றே ஒன்றுதான்: அவங்க பேச்ச நம்பாத, அக்கா பேச்ச நம்பு.

"அப்ப அவங்க சொன்ன மத்ததும் நிஜமாக்கா?" என்று கேட்டான்.

"ஐயோ, இல்லடா. இது ஒண்ணுதான். மத்தது எல்லாம் பொய்."

"சரிக்கா" என்றான். என் கையை இரண்டு முறை தட்டினான். அவன் என்னை நம்பவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அவன் வீடு திரும்பி ஐந்து மாதம் ஆகிறது. குரல்கள் தூரத்தில் எங்கோ இருக்கின்றன என்கிறான். நர்ஸ் வாரம் ஒரு முறை வந்து அவனோடு தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறாள். இலக்கு இரண்டாயிரம் அடி. சில நாள் பச்சை, சில நாள் சிவப்பு. பட்டை அவன் காலை விட்டு இறங்குவதில்லை, சார்ஜ் ஏறும்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். என் சமையலைச் சாப்பிடுகிறான். என் ஜோக்குக்குச் சிரிக்கிறான். அக்கா என்றுதான் கூப்பிடுகிறான்.

ஒன்பது வருஷம் அந்த வெள்ளை மாத்திரையை நான்தான் அட்டையிலிருந்து பிதுக்கி அவன் உள்ளங்கையில் வைப்பேன். என்ன ஏது என்று பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்வான். இப்போது நர்ஸ் ஒரு வாரத்துக்கான டப்பாவை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறாள். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டப்பா கை தவறி, ஒரு மாத்திரை உருண்டு என் மெஷினுக்கு அடியில் போயிற்று. குனிந்து எடுத்துத் துடைத்து அவனிடம் நீட்டினேன். அவன் கை நீட்டவில்லை.

"மேசை மேல வெச்சிடுக்கா. நர்ஸ் வந்து பார்க்கட்டும்" என்றான்.

"உன்னோட மாத்திரைதான்டா. இப்பதான விழுந்துச்சு, நீயே பார்த்தியே."

"இருக்கட்டும்க்கா" என்றான், மரியாதையாக.

போன் போட்டேன். நர்ஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை மாத்திரையை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம்.